அம்மாவின் வீ.பி. கன்றும் என் கள்ளிச்செடியும்

முதலில் செத்தது சிவப்புத் தலைக் கள்ளிதான். 2023 ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போயிருந்தபோது வீதியோரக் கடையொன்றில் 450 ரூபா கொடுத்து வாங்கினேன். கீழே முக்கோணப் பச்சைத் தண்டு, அதன் தலையில் குங்கும நிறத்தில் ஓர் உருண்டை. அதோடு ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய எச்சிவேரியா ஒன்று, வெள்ளைக் கோடு போட்ட ஹவோர்த்தியா ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் மமிலேரியா முள்ளுருண்டை ஒன்று. நான்கையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தலவாக்கலை வரை வந்தேன். "ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி தண்ணி போதும் மிஸ்" என்று விற்றவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் கதவைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்காரும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காய வைக்க வேண்டும். உப்புப் போத்தலைத் திறந்தால் உப்பு கசிந்து நிற்கும். அந்த வீட்டில் நான் ஒரு நாள் தவறாமல் தேக்கரண்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை சிவப்புத் தலை கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது. நிமிர்த்தலாம் என்று தண்டைப் பிடித்தேன். பழுத்த பப்பாசியை அழுத்தின மாதிரி விரல் உள்ளே போனது. புளித்த வாடை. மேலே பரப்பியிருந்த வெள்ளைக் கற்களை விலக்கப் பார்த்தால் அவை அசையவில்லை, பசை ஊற்றி ஒரே பலகையாக ஒட்டி வைத்திருந்தார்கள். அதைப் பெயர்த்து எடுத்தபோதுதான் உள்ளே இருப்பது மண்ணே இல்லை என்று தெரிந்தது. முழுக்கத் தும்புத்தூள். பிழிந்தேன், பாத்திரம் தேய்க்கிற ஸ்பொஞ்சைப் பிழிந்த மாதிரி தண்ணீர் கொட்டியது. வேர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவில் பாதி அவர் கைதான்.

அம்மா 27 வருஷம் தோட்டத்தில் வேலை செய்தவர். கடைசி 11 வருஷம் தேயிலை நர்சரியில். வீ.பி. தேயிலை என்று நாம் சொல்வது விதையில் முளைத்தது இல்லை, தாய்ச்செடியின் கிளையை வெட்டி வேர் விட வைத்தது. எங்கள் தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது, அங்கிருந்து வந்த, டீ.ஆர்.ஐ. 2025 என்று எண் போட்ட இனம் மாதிரியானவை இப்படி வெட்டி வெட்டித்தான் மலை மலையாகப் பரவின. ஓர் இலை, அதற்குக் கீழே ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்டு, அடியில் சரிவாக ஒரே வெட்டு. வெட்டின கையோடு தண்ணீரில் போட வேண்டும். பிறகு கறுப்புப் பொலித்தீன் பையில் நட்டு, மேலே பொலித்தீன் கூடாரம் போட்டு, காற்று புகாமல் மூடி, நிழலில் வைக்க வேண்டும். வாட விட்டால் கன்று போச்சு. அம்மா ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் வெட்டுவார், ஒரு வெட்டுக்கூட நசுங்காது. ஓய்வு எடுத்த பிறகும் அவர் விரல்களுக்கு அந்த அளவு மறக்கவில்லை.

ஆகவே, "குடு இங்க, நான் வேர் விட வைக்கிறேன்" என்றார். பிளேடை நெருப்பில் காட்டி, அழுகிய பச்சைத் தண்டை முழுக்க வெட்டி எறிந்து, சிவப்பு உருண்டையை மட்டும் மண் நிரப்பிய பையில் வைத்தார். ஐந்து வாரம் அது சிவப்பாகவே இருந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, காய்ந்த மிளகாய் நிறத்துக்கு வந்து, முடிந்தது. அது ஏன் பிழைக்கவில்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சிவப்பு உருண்டையில் பச்சையமே கிடையாது. ஜிம்னோகலிசியம் என்ற கள்ளியில் பச்சையம் இல்லாமல் பிறந்த கன்றை எடுத்து, டிராகன் பழக் கொடியின் தண்டில் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். சாப்பாடு தயாரிக்கிறது முழுக்கக் கீழே இருக்கிற தண்டு. அதுவோ வெப்பமண்டலக் காட்டுக் கொடி, பத்துப் பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் தாங்காது. நனைந்த தும்புத்தூளில் நின்றால் குளிர் வரும்வரைகூடக் காத்திருக்காது. எங்கள் மலைக்கு இது சரியான முதல் செடி இல்லை. அழகாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது எச்சிவேரியா இலைகள். இலையை மண்ணில் வைத்தாலே புதுச் செடி வரும் என்று படித்துவிட்டு, அடியிலிருந்து பன்னிரண்டு இலை கழற்றினேன். அம்மா தன் முறைப்படி தண்ணீரில் நனைத்து, ஈர மண்ணில் குத்தி, பொலித்தீன் பையால் மூடிக் கட்டினார். எட்டாவது நாள் திறந்தோம். பன்னிரண்டும் கண்ணாடி மாதிரி நீர் கோத்து, தொட்டால் தோல் மட்டும் கையோடு வந்தது.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திடீரென்று கேட்டார், "அம்மாயி செவத்துல ஆணியடிச்சு ஒரு எலைய நூல்ல கட்டித் தொங்க விட்டிருக்குமே, ஒனக்கு ஞாபகம் இருக்கா பாப்பா? அதுக்கு யாரு தண்ணி ஊத்துனா?"

ஞாபகம் இருந்தது. லயத்துக் காம்பராவில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தடித்த இலை தொங்கும். மண் இல்லை, தண்ணீர் இல்லை. இலையின் ஓரத்துப் பல் பல்லான பள்ளங்களில் குட்டிக் குட்டியாகச் செடிகள் எட்டிப் பார்க்கும். அம்மாயி அதைக் 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்றுதான் சொல்வார். செடியின் பெயரே அதுதான். ரணகள்ளி என்றும் சொல்வார்கள், சிங்களத்தில் அக்கபான. பள்ளிக்கூடத்தில் நாங்கள் அதை அப்பியாசக் கொப்பிக்குள் வைத்து, எவள் இலை முதலில் குட்டி போடுகிறது என்று பார்த்திருக்கிறோம். மடகஸ்கரிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய செடி அது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கின பாடத்தை நாங்கள் இரண்டு பேரும் மறந்துவிட்டு, தேயிலைக்குச் செய்கிறதை இதற்குச் செய்திருக்கிறோம்.

தேயிலைத் துண்டுக்குள் தண்ணீர் சேமிப்பு கிடையாது. வேர் வரும்வரை வெளி ஈரம்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். எச்சிவேரியா இலைக்கோ மாதக்கணக்கில் இருக்கக்கூடிய தண்ணீர் அதன் உடம்பிலேயே இருக்கிறது. அதற்கு ஒரே ஆபத்து, பிய்த்த இடத்தில் இருக்கிற திறந்த காயம். அந்தக் காயம் காய்ந்து தோல் கட்டும்வரை ஈரம் படக்கூடாது. காயத்தில் தோல் கட்டுகிறது என்றதும் அம்மாவுக்கு உடனே பிடிபட்டது. தேயிலையிலும் வெட்டின அடியில் முதலில் தடிப்பு வரும், அதற்குப் பிறகுதான் வேர். மண்ணில் புளிப்புத் தன்மை குறைந்திருந்தால் தடிப்பு மட்டும் பெருத்துக்கொண்டே போய் வேர் வராது என்று அவரே எனக்குச் சொல்லித் தந்தார்.

இரண்டாவது முறை செய்ததை விரிவாகவே எழுதுகிறேன், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் உதவும்.

கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே செடிக்குத் தண்ணீரை நிறுத்தினேன். இலை கொஞ்சம் தளர்ந்திருந்தால் முறியாமல் வரும். அடிவரிசை இலையைக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில், தண்டோடு ஒட்டின இடத்தில் பிடித்து, இடப் பக்கம் ஒரு அசைப்பு, வலப் பக்கம் ஒரு அசைப்பு. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு வரும். வந்த அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெண்மையாக, முழுசாக, சின்னப் பிறை மாதிரி இருக்க வேண்டும். புதுச் செடி பிறக்கிற இடம் அந்த நுனிதான். அது தண்டிலேயே தங்கிவிட்டால் இலை மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், வேர்கூட விடும், ஆனால் கன்று போடாது. இலையின் நடுவைப் பிடித்து இழுக்காதீர்கள். மேலே பூசின மாதிரி இருக்கிற வெண்சாம்பல் மெழுகு விரல் பட்டால் அழிந்துவிடும், அந்த இலையில் திரும்ப வராது.

கழற்றின இருபது இலைகளைப் பழைய வீரகேசரித் தாளில் பரப்பி அலுமாரி மேல் வைத்தேன். காய்ந்த ஊர்களில் இரண்டு மூன்று நாள் போதும் என்கிறார்கள். எங்கள் மூடுபனியில் ஏழு நாள் ஆனது. அடி நுனியைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்த பிசின் மாதிரி இருக்க வேண்டும். பிறகு காய்ந்த மண் கலவை மேல் படுக்க வைத்தேன். குத்தவில்லை, புதைக்கவில்லை, தண்ணீரும் இல்லை. பதினேழாவது நாள் ஓர் இலையின் அடியில் ரோஸ் நிறத்தில் நூல் மாதிரி ஒரு வேர். நாலைந்து நாளில் இன்னும் ஏழு இலைகளில். அந்த வேர்களின் மேல் ஒரு சிட்டிகை மண் தூவி, அப்போதுதான் முதல் முறையாக, மருந்துச் சிரிஞ்சில் வேருக்கு மட்டும் தண்ணீர் கொடுத்தேன். ஆறாவது வாரம் கடுகு அளவில் ஒரு பச்சைப் புள்ளி. பிறகு அது விரிந்து, கண்ணாடி போட்டுப் பார்க்கிற அளவில் நான்கு இதழ் கொண்ட எச்சிவேரியா. அம்மா அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வந்து காட்டினார்.

தாய் இலையைப் பிய்த்து எறிய அவசரம் வேண்டாம். தன்னிடம் இருக்கிற தண்ணீரையும் சத்தையும் குட்டிக்குக் கொடுத்துக் கொடுத்து அது தானாகக் காகிதமாகும். தொட்டால் கையோடு வரும் நாளில் எடுத்தால் போதும். அந்த முறை இருபதில் பதினொன்று கன்றாயின.

எனக்குத் தெளிய நாளான இன்னொரு விஷயம், இந்தச் செடிகள் மூச்சு விடுகிற நேரம். மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை எடுக்கும். கள்ளி, எச்சிவேரியா, கற்றாழை எல்லாம் பகலில் துளையை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். இரவில் எடுத்த கரியமில வாயுவை ஓர் அமிலமாக்கி வைத்திருந்து, பகல் வெளிச்சம் வந்ததும் அதை வைத்துச் சமைக்கும். பாலைவனப் பகலில் துளையைத் திறந்தால் உள்ளிருக்கிற தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடும் என்பதால் வந்த பழக்கம். இதை எங்கள் ஊர் ஜூன் இரவில் வைத்துப் பாருங்கள். காற்று முழுக்க ஈரம், துளையைத் திறந்தாலும் வெளியே போகிற தண்ணீர் மிகக் கொஞ்சம். செடி குடிக்காது, மண்ணும் காயாது. நான் ஊற்றின ஒவ்வொரு தேக்கரண்டியும் சட்டிக்குள்ளேயே தங்கியிருந்தது அதனால்தான்.

குளிர்தான் கள்ளிக்கு எதிரி என்று நினைக்கிறோம். காய்ந்த மண்ணில் நிற்கிற மமிலேரியா எங்கள் ஜனவரி இரவுகளைச் சிரமமில்லாமல் தாண்டுகிறது. குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் வேர் அழுகுகிறது. அதனால்தான் இவற்றை வீட்டுக்குள் வைக்கச் சொல்கிறேன், கூரைக்குக் கீழே, மழை படாமல். பேராதனைப் பூங்காவிலேயே கள்ளிகளுக்குத் தனிக் கூடம் கட்டி வைத்திருக்கிறார்கள். தலவாக்கலை ஏறத்தாழ 1200 மீட்டர் உயரம், பேராதனை அதில் பாதிகூட இல்லை.

எந்த ஜன்னல் என்று கேட்பார்கள். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதின குறிப்புகளில் 'தெற்கு ஜன்னல்' என்று இருக்கும், அது அவர்களுக்குச் சரி. நமக்குச் சூரியன் ஏப்ரல் முதல் பாதியில் உச்சந்தலைக்கு மேலே நின்று, பிறகு வடக்குப் பக்கம் சாய்ந்து, செப்டம்பர் தொடக்கத்தில் திரும்ப உச்சிக்கு வந்து, மார்கழியில் தெற்கே போகிறது. தெற்கு ஜன்னலில் பாதி வருஷம் நேர் வெயில் விழாது. அதோடு எங்கள் பக்கம் வெயில் வந்தால் காலையில்தான், மத்தியானம் தாண்டினால் மூட்டம். ஆகவே கிழக்கு ஜன்னல். என் வீட்டில் அது சமையலறை ஜன்னல். கண்ணாடியை ஒட்டி ஒரு பலகை அடித்தோம், அவ்வளவுதான். மேசை நடுவில், டீவி பக்கத்தில் என்று அழகுக்கு வைத்தால் எச்சிவேரியா இரண்டு மாதத்தில் கழுத்து நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு, வெளிறிப் போகும். நீண்டது திரும்பச் சுருங்காது. தலையை வெட்டி, காய வைத்து, மறுபடி நடுவதுதான் வழி. வெட்டின அடித்தண்டை எறிய வேண்டாம், அதிலிருந்து மூன்று நான்கு கிளை வெடிக்கும்.

வெளிச்சம் பழகாத செடியை ஒரே நாளில் வெயிலில் வைக்கவும் கூடாது. பெப்ரவரியில் வானம் தெளிந்தவுடன் ஆசைப்பட்டு ஹவோர்த்தியாவை வாசல் திண்ணையில் வைத்தேன். மாலைக்குள் இலை நுனியெல்லாம் செம்மண் நிறம். அது பாறை நிழலில் வளர்கிற செடி, சன்னல் பலகையின் ஓரமே அதற்குத் தாராளம்.

மண் கலவைக்கு நான் கண்ட அளவு: ஒரு பங்கு கூட்டெரு கலந்த மண், இரண்டு பங்கு பருமனான மணலும் சின்னச் சல்லியும். வீட்டு வேலைக்கு இறக்கின ஆற்று மணலைச் சல்லடையில் சலித்து, பொடியை விட்டுவிட்டு மேலே தங்குகிற குறுணியை மட்டும் எடுத்து, தண்ணீர் தெளிவாகும்வரை கழுவ வேண்டும். அதோடு அடுப்புக்கரியை மிளகளவுக்கு உடைத்து ஒரு கைப்பிடி. கையில் அள்ளி நனைத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும், அதுதான் சோதனை. சட்டி அடியில் கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்று நானும் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. கல்லுக்கு மேலே இருக்கிற மண் அதே அளவு ஈரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும், வேருக்கும் ஈரத்துக்கும் இடைவெளி குறைகிறது, அவ்வளவுதான். சட்டி முழுக்க ஒரே கலவை இருக்கட்டும்.

அம்மா தேயிலைக்குப் போடுகிற உரத்தில் ஒரு சிட்டிகை போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கொழுந்து தள்ளுவதற்கான தழைச்சத்து இங்கே இலையைச் சதைப்பற்றாக ஊத வைத்து, அழுகலுக்கு வழி திறக்கும்.

சட்டிக்கு நாங்கள் கண்டுபிடித்தது தயிர்ச்சட்டி. மழை ஊரில் மண்சட்டியை மிஞ்சியது எதுவும் இல்லை, சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். எருமைத் தயிர் வருகிற சட்டி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கிறது, கள்ளி வேருக்கு அதுவே போதும். ஓட்டைதான் கிடையாது. அதற்கு அம்மா செய்கிற விதம்: சட்டியை ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைப்பார். காலையில் சாக்கை நாலாக மடித்து அதன் மேல் கவிழ்த்து வைத்து, நாலங்குல ஆணியின் கூர்முனையை நடு அடியில் ஊன்றி, தட்டாமல், உள்ளங்கையால் அழுத்தித் திருகிக்கொண்டே இருப்பார். சிவப்புச் சேறு கசியும். பத்து நிமிஷத்தில் ஆணி இறங்கும். பிறகு ஆணியைச் சாய்த்து ஓரம் ஓரமாகச் சுரண்டி, சுண்டு விரல் போகிற அளவுக்கு விரிப்பார். சுத்தியலால் தட்டின இரண்டு சட்டியை நான் உடைத்திருக்கிறேன், அவர் கையில் ஒன்றுகூட உடைந்ததில்லை. குட்டிகளுக்கு யோகட் கோப்பை. அடியில் சூடாக்கின கம்பியால் நான்கு ஓட்டை.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை என்பது ஹம்பாந்தோட்டையில் ஒன்று, நோர்வூட்டில் வேறு. நான் சட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். ஊற்றின அன்றைக்குத் தூக்கினால் ஒரு கனம், காய்ந்த பிறகு தூக்கினால் இன்னொரு கனம். ஒரு மாதத்தில் கைக்குப் பழகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஈர்க்குச்சியை அடிவரை குத்தி, ஒரு நிமிஷம் விட்டு எடுத்துப் பார்ப்பேன். மண் ஒட்டியிருந்தால் ஊற்ற மாட்டேன். எச்சிவேரியாவின் அடி இலை லேசாகச் சுருங்கி, அழுத்தினால் வளைந்தால் தாகம் என்று பொருள். ஊற்றும்போது தேக்கரண்டிக் கணக்கு இல்லாமல், அடி ஓட்டையால் வடியும்வரை நன்றாக ஊற்றி, பிறகு முற்றாகக் காயவிட வேண்டும். என் வீட்டில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காலம், பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை ஊற்றுகிறேன். மே முதல் செப்டம்பர் வரை பருவமழை. போன வருஷம் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் சேர்த்து மமிலேரியாவுக்கு நான் ஊற்றியது ஒரே ஒரு தடவை. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் இருப்பவர்கள் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும், உங்களுக்கு ஆடியில் காய்ந்த காற்று, வருஷக் கடைசியில் மழை.

மற்றச் செடிகளைப் பெருக்குவது எச்சிவேரியாவைவிடச் சுலபம். ஹவோர்த்தியாவும் கற்றாழையும் பக்கத்தில் குட்டி போடும், குட்டிக்குச் சொந்த வேர் வந்த பிறகு பிரித்தால் தவறவே தவறாது. ஜேட் செடியில் ஒரு சாண் கிளை வெட்டி ஒரு வாரம் காய வைத்து நட்டால் போதும். மருளில் நம் நாட்டில் இயற்கையாக வளர்கிற இனமும் உண்டு, அதன் பெயரிலேயே இலங்கை இருக்கிறது: சான்செவேரியா சைலானிக்கா. இலையை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி நடலாம், ஆனால் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், தலைகீழாக நட்டால் வேர் வராது. மஞ்சள் கரை போட்ட வகையை இப்படித் துண்டு போட்டால் வருகிற குட்டிக்கு மஞ்சள் கரை இருக்காது. கரை வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். மமிலேரியாவின் பக்கத்து உருண்டைகளை இடுக்கியால் திருகி எடுத்து, பத்து நாள் காய வைத்தேன், மூன்றும் பிடித்தன. வெட்டின தண்டில் நான் கறுவாத் தூள் தடவுகிறேன். பூஞ்சணத்தைத் தடுக்கும், காயத்தைச் சீக்கிரம் காய வைக்கும். வேரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேரையும் காய வைத்துவிடும்.

பால் வருகிற கள்ளியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் பெயரில்தான் கள்ளி, வேறு குடும்பம். உண்மையான கள்ளியின் முள் ஒரு சின்னப் பஞ்சுத் திட்டிலிருந்து கொத்தாக வரும், இவற்றில் அந்தத் திட்டு இருக்காது, வெட்டினால் வெள்ளைப் பால் கொட்டும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் சனிக்கிழமைகளில் செடி பார்க்க வருவார்கள், அதனால் அந்த வகையை நான் வீட்டில் வைப்பதில்லை.

வெள்ளைப் பஞ்சு மாதிரி இலை இடுக்கில் தெரிந்தால் மாவுப்பூச்சி. அந்தச் சட்டியை உடனே தள்ளி வைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு தடவையில் போகாது, வாரத்துக்கு ஒன்றாக நான்கு வாரம் விடாமல் துடைத்தேன்.

இவ்வளவு பட்ட பிறகு எனக்கு ஒரு எண்ணம் உறுதியாக வந்திருக்கிறது. மலையகத்தில் முதல் கள்ளி வாங்குகிறவர்கள் பாலைவனக் கள்ளியில் தொடங்க வேண்டாம், காட்டுக் கள்ளியில் தொடங்குங்கள். கள்ளி என்றால் பாலைவனம் என்று ஒரு படம் மனதில் இருக்கிறது. மரக்கிளையில் தொற்றி, மூடுபனியைக் குடித்து வாழ்கிற கள்ளிகளும் உண்டு. பழைய பங்களாத் தோட்டங்களில் தொங்கும் நண்டுக் கால் மாதிரிக் கள்ளி, டிசம்பரை ஒட்டி ரோஸ் நிறத்தில் பூப்பது, பிரேசிலின் கடலோர மலைக்காட்டுச் செடி. இரவு நீண்டு குளிர் தட்டினால்தான் மொட்டு வைக்கும். எங்கள் குளிர் அதற்கு ஏற்றது. இரண்டு கணு சேர்த்துத் திருகி எடுத்து, மூன்று நாள் காய வைத்து நட்டால் பிடித்துக்கொள்ளும். நடு இரவில் பூத்து விடியுமுன் வாடுகிற கடுபுல் பூவும் கள்ளிதான், பாதிப் பேர் வீட்டு முற்றத்தில் அது கள்ளி என்று தெரியாமலே நிற்கிறது. ஒரு சாண் இலைத்தண்டு போதும் அதற்கு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ரிப்சாலிஸ். பச்சை நூலை அவிழ்த்துவிட்ட மாதிரி மரத்திலிருந்து தொங்கும், முள் கிடையாது, புல்லுருவி மாதிரி வெள்ளை மணிப் பழம். கள்ளிக் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது, இந்த ஒரே ஓர் இனம் மட்டும் ஆபிரிக்காவிலும் நம் இலங்கைக் காடுகளிலும் இயற்கையாகவே வளர்கிறது. காட்டில் பார்த்தால் பிய்க்காதீர்கள், அங்கேயே இருக்கட்டும். எனக்குக் கிடைத்தது ஒரு தோழியின் வீட்டுக் கூடையிலிருந்து ஒரு கைப்பிடித் துண்டு. அதற்கு மட்டும் என் வீட்டில் பாத்ரூம் ஜன்னல். ஈரம், மங்கின வெளிச்சம் இரண்டும் அதற்குச் சுகம். இப்போது ஒரு முழம் தொங்குகிறது.

சமையலறைப் பலகையில் இடம் போதாமல் போன மாசம் கீழே இன்னொரு பலகை அடித்தோம். அதை அம்மா எடுத்துக்கொண்டார். பொலித்தீன் கூடாரம் இல்லை, தண்ணீர் வாளி இல்லை. மீன்பெட்டி மூடியில் காய்ந்த மணல் பரப்பி, எச்சிவேரியா இலைகளை அவர் பழக்கப்படி நூல் பிடித்த வரிசையில் அடுக்கியிருக்கிறார், ஒவ்வொரு இலையின் அடியும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி. ஓரத்தில் ஐஸ்கிரீம் குச்சி ஒன்று நட்டிருக்கிறது. நர்சரிப் பாத்திகளில் வைக்கிற பலகை மாதிரி, அதில் பென்சிலால் தேதி, அதற்குக் கீழே 'எலை 24'. இன்று காலை தேத்தண்ணி போடப் போனபோது பார்த்தேன், 24க்குக் கீழே புதிதாக ஓர் எண் எழுதியிருந்தார்: 'வேர் 19'.